நீலத் தார்ப்பாய்க்குக் கீழே

காலை ஆறே காலுக்குத் திண்டுக்கல்லில் ஒட்டன்சத்திரம் பேருந்தைப் பிடித்தேன். முப்பது கிலோமீட்டருக்குச் சற்று மேல், ஒரு மணி நேரப் பயணம். நாளை மறுநாள் அக்கா மகள் கல்யாணம். சமையல்காரர் கேட்டது பத்துப் பெட்டித் தக்காளி, அதுவும் அரைப்பழமான செங்காயாக. முழுப்பழம் அதற்குள் அழுகிவிடும். பச்சைக்காய் ரசத்துக்கு ஆகாது. அக்கா என்னைத்தான் அனுப்பினாள். எனக்குச் சிவப்பும் பச்சையும் ஒரே சாணி நிறம் என்று நாற்பது வயது வரை அவளிடம் நான் சொன்னதில்லை. சிக்னலில் முன்னால் நிற்பவன் நகர்ந்தால் நானும் நகர்வேன், அவ்வளவுதான்.

ஏழரைக்குச் சந்தைக்குள் நுழைந்தேன். ஒரு மண்டியில் தக்காளியைத் தரம் பிரித்துக்கொண்டிருந்த ஈஸ்வரி என்ற பெண்ணிடம், பெரிய வியாபாரி போல ஒரு பெட்டியைக் காட்டி, செங்காய்தானே என்றேன். அவர் ஒரு காயை அழுத்திவிட்டு, முழுப்பழம் என்றார். அடுத்ததைக் காட்டினேன். பச்சைக்காயாம். மூன்றாவதிலும் மாட்டிக்கொண்டு உண்மையைச் சொல்லிவிட்டேன்.

அவர் சிரிக்கவில்லை. மேலே கட்டியிருந்த நீலத் தார்ப்பாயைக் காட்டினார்.

“இதுக்குக் கீழ எங்களுக்கு மட்டும் செவப்பு தெரியுதுங்களா? எல்லாம் கருப்பாத்தானுங்க இருக்குது. கைதானுங்க பாக்குது.”

சுற்றிப் பார்த்தேன். அம்மாடி! ஏழெட்டுப் பெண்கள் ஊர்க்கதை பேசிக்கொண்டிருக்க, விரல்கள் மட்டும் காம்புப் பக்கம் அழுத்தி அழுத்திப் பிரித்துக்கொண்டிருந்தன. கேரள வியாபாரி ஒருவர் ஒரு பெட்டியை வெயிலுக்குத் தூக்கிப் போய்க் கொட்டிப் பார்த்தார். ஒன்றுகூடத் தப்பில்லை. எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. பிறந்ததிலிருந்து முதல் தடவையாக நான் கூட்டத்தில் ஒருவனாக நின்றேன்.

கல்லாக இருந்தால் காய், அமுங்கினால் பழம், லேசாக இசைந்து நிமிர்ந்தால் செங்காய் என்று சொல்லிக்கொடுத்தார். பத்துப் பெட்டியையும் நானே பொறுக்கினேன். ஒன்பதரை ஆகிவிட்டது. ஈஸ்வரி ஒவ்வொன்றாக வெயிலில் வைத்துப் பார்த்து, நான்கே நான்கு காயை மாற்றினார்.

ஆயிரத்து இருநூறு வாடகைக்கு மினி லாரி கிடைத்தது. ரெட்டியார்சத்திரம் தாண்டும்போது அக்காவுக்குப் போன் போட்டு எல்லாவற்றையும் சொன்னேன். அவள் நேரே கல்யாணச் சேலைக்குத் தாவினாள்.

“அப்ப புள்ளைக்கு எடுத்த சேலையப் பாத்து, செவப்பு அம்புட்டு எடுப்பா இருக்குன்னு சொன்னியேடா?”

“செவப்புங்கிறது நீ சொன்னது, அக்கா. எடுப்பா இருக்குன்னது நானாப் பாத்துச் சொன்னது.”