மோட்டார் ரூமில் நான் ஒட்டிய அம்மன்

எங்கள் அத்தைக்குச் சாமி பயம் கிடையாது என்று எங்கள் பிளாக்கில் இன்றைக்கும் சொல்கிறவர்கள் உண்டு. சுத்தப் பொய். ஆடி மாதம் தீச்சட்டி எடுத்தால் ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்காமல் கோட்டூர்புரம் முழுக்க நடக்கிறவள் அவள். அதே அத்தைதான் அம்மன் படத்தைச் சுவரிலிருந்து உரித்து எடுத்தாள். ஒட்டினது நான். அப்போது எனக்கு ஒன்பது வயது.

எங்கள் ஹவுசிங் போர்டு வீட்டில் ஒரு ஹால், ஒரு சமையலறை. அந்த ஹாலில்தான் டிவி, அப்பா, துணி மூட்டை எல்லாம். பிளஸ் டூ படித்த அக்கா மாடிப்படித் திருப்பத்தில், போகிறவர் வருகிறவர் காலுக்கெல்லாம் ஒதுங்கி ஒதுங்கி கெமிஸ்ட்ரி படித்தாள். பெரிய நூலகம் கூப்பிடு தூரம்தான். ஆனால் பொழுது சாய்ந்தால் வயசுப் பெண்ணை வெளியே அனுப்ப அம்மாவுக்கு மனம் வராது. இத்தனைக்கும் கீழே ஒரு நல்ல அறை சும்மா கிடந்தது. பழைய மோட்டார் ரூம். மோட்டாரை வேறிடத்துக்கு மாற்றி எத்தனையோ வருஷம் ஆகியும் பூட்டு மட்டும் தொங்கியது. உள்ளே எலிகள் குடும்பம் நடத்தின.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அத்தை அம்மிக் குழவியைத் தூக்கிக்கொண்டு வந்து பூட்டை உடைத்தாள். இரண்டே அடி.

அத்தை வீட்டு வேலை செய்தது அடையாறில், இன்டீரியர் டிசைன் செய்கிற ஒரு அம்மாவிடம். பெருக்குகிற சாக்கில் காதைத் தீட்டி வைத்திருந்திருக்கிறாள். "மொதல்ல லேஅவுட்டு" என்று சொல்லிக் கோலப்பொடிக் கிண்ணத்தோடு உட்கார்ந்துவிட்டாள். அந்த அம்மா காகிதத்தில் போடுவதை இவள் தரையிலேயே முழு அளவில் போட்டாள். பிளாக்குப் பெண்கள் அவரவருக்கு எப்படி வேண்டுமோ அப்படி வந்து உட்கார வேண்டும். சுற்றிக் கோடு இழுப்பாள். மூட்டுவலிக்கார மீன்காரம்மா காலை நீட்டி உட்கார்ந்தார். எதிர்வீட்டு அண்ணி கைக்குழந்தையோடு ஜன்னலோரம் முதுகைத் திருப்பி உட்கார்ந்தாள். அங்கே ஒரு திரை என்று முடிவானது. அக்கா மட்டும் நாலு தடவை இடம் மாறினாள்.

"வெளிச்சம் சரியா வருதாடி? இப்பவே பாத்துக்கோ, அப்பால வந்து அழாத!"

கடைசியில் எனக்கும் ஒரு வட்டம் கிடைத்தது. அது கொஞ்சம் பெரிய வட்டமாகவே வந்ததில் எல்லாரும் சிரித்தார்கள்.

அந்தக் கோடுகளின் மேல்தான் எங்கள் அறை எழுந்தது. அவரவர் வேலை செய்த வீடுகளில் கழித்துப் போட்ட சாமான்கள் ஒவ்வொன்றாக வந்தன. மயிலாப்பூர் வீட்டுத் தேக்குக் கதவு ஒன்று இரண்டு பெயிண்ட் டிரம் மேல் படுத்து அக்காவுக்கு மேஜையானது. மிச்சப் பெயிண்டில் நாலு சுவருக்கு நாலு நிறம். அழகு என்று சொல்ல முடியாது. எங்களுடையது என்று சொல்லலாம்.

பத்தாம் நாள் ஹவுசிங் போர்டு ஆபீசிலிருந்து ஒருவர் வந்து, அனுமதி இல்லாத இடம், திங்கட்கிழமை பூட்டுப் போடுவோம் என்று சொல்லிவிட்டுப் போனார். அத்தையின் தம்பியான என் சித்தப்பா உடனே வழி கண்டுபிடித்தார்.

"யக்கா, ஒரு அம்மன் படத்த மாட்டிடு. அப்பால எவன் கை வைப்பான்?"

"வேணாண்டா. சாமி வந்துச்சுன்னா மாசத்துல நாலு நாளு எவ வெளில நிப்பா? நீ நிப்பியா?"

சித்தப்பாவுக்குப் புரிந்துவிட்டது. எனக்குத்தான் தலையும் புரியவில்லை வாலும் புரியவில்லை. அக்காவின் மேஜை போய்விடுமே என்பதுதான் என் கவலை. திங்கட்கிழமை வயிற்றுவலி என்று பொய் சொல்லிப் பள்ளிக்கூடத்துக்கு மட்டம் போட்டேன். எல்லாரும் வேலைக்குப் போனதும் ஸ்வீட் கடைக் காலண்டரிலிருந்து அம்மனைக் கத்தரித்து, மேஜைக்கு மேலே சோற்றுப் பருக்கையால் ஒட்டிக் குங்குமமும் வைத்தேன்.

ஆபீஸ்காரர் பூட்டோடு வந்தார். வாசலில் நின்றார். ஷூவைக் கழற்றினார், கன்னத்தில் போட்டுக்கொண்டார், பூட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு போயே போய்விட்டார்! சாயங்காலம் சித்தப்பா என்னைத் தோளில் தூக்கிக்கொண்டு பிளாக்கைச் சுற்றி வந்தார். அன்றைக்கு எனக்கு இருந்த திமிரை இப்போது நினைத்தாலும் சிரிப்பு வருகிறது.

புதன்கிழமை சீரியல் லைட் வந்தது. அக்காவின் மேஜையில் பூஜைத் தட்டு ஏறியது. வியாழக்கிழமை கதவுக்குப் புதுப் பூட்டு, சாவி சித்தப்பாவின் இடுப்பில். வெள்ளிக்கிழமை சாயங்காலம் பார்த்தால் அக்கா பழையபடி மாடிப்படித் திருப்பத்தில் கெமிஸ்ட்ரியோடு உட்கார்ந்திருக்கிறாள். ஏன் என்று கேட்டேன். வயிற்றுவலி என்றாள். நான் சொன்ன மாதிரி இவளும் பொய் சொல்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

வேலையிலிருந்து வந்த அத்தையும் அவளைப் பார்த்தாள். நேரே போய்த் தலைக்குக் குளித்து, ஈரத் தலையோடு கீழே இறங்கி, தம்பி இடுப்பிலிருந்த சாவியை உருவினாள். கற்பூரம் ஏற்றிக் கும்பிட்டாள்.

"தாயே, உனக்குத் தெரு முனையில கோயிலு கீது. எங்களுக்கு இது ஒண்ணுதான் கீது."

படத்தை ஓரம் கிழியாமல் உரித்தாள். சித்தப்பா கத்தினார்.

"யக்கா, சாமி குத்தமாயிடும்!"

"ஆவட்டும். என் மேல ஆவட்டும்."

முந்தானையில் ஏந்திக்கொண்டு தெரு முனைக் கோயிலுக்கு நடந்தாள். நான் பின்னாலேயே அழுதுகொண்டு ஓடினேன். என் சாமியை, என் வெற்றியைப் பிடுங்கிவிட்டாளே!

படம் போன சேதி ஆபீசுக்கு எட்டி, மறுவாரம் ஆபீஸ்காரர் சொல்லியனுப்பிவிட்டுப் பூட்டோடு திரும்ப வந்தார். சுவர் வெறுஞ்சுவர். பெண்கள் அத்தனை பேரும் வேலைக்கு லீவு போட்டுவிட்டு அவரவர் கோட்டுக்குள் உட்கார்ந்திருந்தார்கள்.

"பூட்டிக்கோ சார். எங்கள உள்ள வச்சே பூட்டிக்கோ," என்றாள் அத்தை. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் இந்த முறை ஷூவைக் கழற்றாமலே திரும்பினார். அந்தப் பூட்டு இன்றுவரை வரவில்லை. அக்கா அந்த மேஜையில் படித்துத்தான் பாஸ் செய்தாள். நான் மட்டும் பல நாள் அத்தையோடு முகம் கொடுத்துப் பேசவில்லை.

சில வருஷம் கழித்து, அக்காவுக்கு வந்த வயிற்றுவலி எனக்கும் மாதாமாதம் வரத் தொடங்கியது. ஒரு சாயங்காலம், மறுநாள் கணக்குப் பரீட்சை, புத்தகத்தோடு மாடிப்படித் திருப்பத்தில் போய் உட்கார்ந்தேன். யாரும் போகச் சொல்லவில்லை, நானாகத்தான் போனேன். வேலை முடித்து ஏறி வந்த அத்தை நின்று பார்த்தாள்.

"இன்னாடி இங்க குந்திக்கினு கீற? உன் எடம் கீழ கீது. போ."