கொக்குப் படம் போட்ட கத்திப் பெட்டி

என் மகன் எதை வாங்கினாலும் அதன் காலி அட்டைப்பெட்டியைத் தூக்கிப் போடுவதில்லை. பரணில் இப்போது பதினேழு பெட்டிகள் இருக்கின்றன. போன வாரம் எண்ணியபோது பதினாறுதான். பொருளைப் பிறகு விற்கும்போது பெட்டியோடு கொடுத்தால் விலை கூடுமாம். கரையான் ஏறினால் என்ன செய்வாய் என்று கேட்டேன். எனக்கு இந்தப் பெட்டிக் கணக்கு சின்ன வயதிலேயே பிடிபடவில்லை. அதற்குக் காரணம் என் அத்தையின் சவரக்கத்தி.

கத்தி என்று சொன்னாலும் கத்தியைப் பல வருஷம் நாங்கள் யாரும் பார்த்ததில்லை. பார்த்ததெல்லாம் பெட்டியைத்தான். பென்சில் டப்பா நீளம், கெட்டி அட்டை, மேலே ஒரு கொக்குப் படம், ஜெர்மனியில் செய்தது என்று ஆங்கில எழுத்து. நடுவில் ஒரு தாள் பட்டையைச் சுற்றி ஒட்டியிருந்தார்கள். அதைக் கிழிக்காமல் பெட்டியைத் திறக்க முடியாது. அத்தையின் கணவர், அதாவது என் மாமா, கொழும்பில் ஒரு கடையில் வேலை பார்த்தார். ஊருக்கு வந்த ஒருவர் கையில் இதைக் கொடுத்து, யாரும் பிரிக்க வேண்டாம், நானே வந்து பிரிக்கிறேன் என்று சொல்லி அனுப்பியிருந்தார். பெட்டி வந்து சேர்ந்தது. மாமா வரவில்லை. பிறகு கடிதமும் நின்றுபோயிற்று. அத்தை திருத்தங்கலில் எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டாள். பகலெல்லாம் தீப்பெட்டி ஒட்டுவாள். ஆசிரியரான என் அப்பா மாமாவைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

எனக்கு எட்டு வயதிருக்கும்போது, அச்சாபீசில் வேலை பார்த்த சித்தப்பா ஒரு செய்தியோடு வந்தார். காலண்டர் ஆர்டர் கொடுக்க வந்த மதுரை வக்கீல் ஒருவர் பழைய சவரக்கத்திகளைச் சேர்க்கிறாராம். பிரிக்காத பெட்டி என்றதும் எழுந்து நின்றுவிட்டாராம்.

"வித்துட்டு ஒரு தையல் மிஷின் வாங்கிருவோம்," என்றார் அப்பா அத்தையிடம். "இன்னும் எம்புட்டு நாளைக்கு அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருப்ப? ஒனக்குன்னு ஒரு தொழில் வேணாமா?"

அத்தைக்கு அந்த வீட்டில் சொந்தமென்று இருந்தது அந்த ஒரு பெட்டிதான். ஆனால் அண்ணன் சோற்றைச் சாப்பிடுகிறவள் என்ன சொல்வாள்? "ஒங்க இஷ்டம்ணே," என்றாள். அன்று அவள் ஒட்டிய தீப்பெட்டிகளில் பாதி கோணலாக இருந்தன.

ஞாயிற்றுக்கிழமை கோயில் ஆராதனை முடிந்து நாங்கள் வந்த சற்று நேரத்தில் வக்கீல் வந்துவிட்டார். பெட்டியை இரண்டு கையாலும் வாங்கினார். பிள்ளை பெற்ற வீட்டில் பிள்ளையை வாங்குவதுபோல இருந்தது.

"எங்கிட்ட இதே கத்தி நாலு இருக்கு. பெட்டி ஒண்ணுகூட இல்ல," என்றார். "கத்திய எல்லாரும் வச்சுக்கிட்டாங்க. பெட்டியத் தூக்கி எறிஞ்சுட்டாங்க. அதான் பெட்டிக்கு இந்த மதிப்பு."

"பெட்டிதான் வேணும்னா சொல்லுங்க சார், நாளைக்கே பத்தாயிரம் அடிச்சுத் தாறோம். கொக்குக்குத் தங்க மூக்கே வச்சிரலாம்," என்றார் சித்தப்பா. வக்கீல் சிரிக்கவில்லை.

எனக்கு ஒரே குழப்பம். "பிரிக்காம உள்ள கத்தி இருக்குன்னு எப்படித் தெரியும்?" என்று கேட்டேன். அம்மா என் தலையில் ஒரு குட்டு வைத்தாள்.

வக்கீல் பெட்டியை வாசல் வெளிச்சத்துக்குக் கொண்டுபோய் பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தார். நகத்தால் பட்டையின் ஓரத்தை வருடினார். பிறகு முகம் விழுந்துவிட்டது.

"இது பிரிச்சு ஒட்டுன பெட்டி. ஓரத்துல பச்சையா ஒரு கோடு தெரியுது பாருங்க."

அந்தப் பச்சை எங்கள் ஊரில் குழந்தைக்கும் தெரியும். தீப்பெட்டி ஒட்டும் மைதாப் பசையில் மயில்துத்தம் கரைத்து விடுவார்கள். இல்லாவிட்டால் கரப்பான் லேபிளைத் தின்றுவிடும். கொழும்பிலோ ஜெர்மனியிலோ அந்தப் பசைக்கு எங்கே போவார்கள்?

எல்லாரும் சித்தப்பாவைப் பார்த்தோம்.

"ஏலே, நீதானா?" என்றார் அப்பா.

"ஆண்டவர் அறிய நான் தொடலண்ணே! நான் ஒட்டியிருந்தா இப்படியா கோடு தெரியும்?"

"அவன எதுக்குண்ணே வையிறீக?" என்றாள் அத்தை. "பிரிச்சது நாந்தான். ஒவ்வொரு மழைக்காலம் முடிஞ்சதும் பிரிப்பேன். ஆவியில காட்டுனா பட்டை தானா விட்டுரும். கத்தியத் தொடச்சு, தேங்கா எண்ணெ தடவி, திரும்ப ஒட்டிருவேன்."

வக்கீல் நகத்தால் பட்டையின் ஒட்டைப் பிரித்துப் பெட்டியைத் திறந்தார். கத்தியை மடக்கிலிருந்து விரித்தார். அப்படி ஒரு பளபளப்பை நான் அதுவரை எந்த இரும்பிலும் பார்த்ததில்லை. ஆனால் அவர் அழாத குறை.

"துருப்பிடிச்சிருந்தாக்கூடப் பரவாயில்லையேம்மா! நீங்க பிரிக்காம மட்டும் இருந்திருந்தா..."

அத்தைக்கு அவர் சொன்னது விளங்கவே இல்லை. ஏதோ புத்தி பிசகியவரைப் பார்ப்பதுபோல அவரைப் பார்த்தாள்.

"துருப்பிடிச்ச கத்திய வச்சு எப்படிங்கய்யா முகம் வழிக்க?"

வக்கீல் அத்தையின் கழுத்துத் தாலியைப் பார்த்தார். அப்பா வாசல்படியைப் பார்த்தார். கத்தியை மடக்கிப் பெட்டியில் வைத்து, வந்தபோது வாங்கியது போலவே இரண்டு கையாலும் அத்தையிடம் திருப்பிக் கொடுத்துவிட்டு வக்கீல் கிளம்பினார்.

எனக்குக் கணக்கு உதைத்தது. துருப்பிடித்த கத்திக்கு மதிப்பு உண்டாம், பளபளக்கும் கத்திக்கு இல்லையாம். தையல் மிஷின் போயிற்று. அழ வேண்டிய அத்தையோ என்னைப் பசைக் கிண்ணத்தை எடுத்துவரச் சொன்னாள். ஏதோ பாட்டை முணுமுணுத்துக்கொண்டே பட்டையை ஒட்டினாள். பாவம், அத்தைக்குக் கணக்கே வராது என்று நினைத்துக்கொண்டேன்.

சாயந்திரம் குடும்ப ஜெபம். அப்பா வீட்டிலுள்ள ஒவ்வொருவர் பெயராகச் சொல்லி வேண்டுவார். எப்போது முடியும் என்று தெரிந்துகொள்ள நான் விரல் விட்டு எண்ணிக்கொண்டிருப்பேன். ஏழு பெயர்கள். அன்று ஏழு முடிந்தும் ஆமென் வரவில்லை. அப்பா எட்டாவதாக ஒரு பெயரைச் சொன்னார். மாமாவின் பெயர்.

அப்பா தவறிச் சொல்லிவிட்டார் என்றுதான் நினைத்தேன். அம்மாவின் காதருகே போய், "ஒரு பேரு கூடிருச்சும்மா," என்றேன். அம்மா கண்ணைத் திறக்காமலே என் வாயைப் பொத்தினாள்.