கப்பல் சாம்பியன் கல்மண்டபத்தில் ஆடிய இரண்டு ஆட்டம்

காலை ஒன்பதரைக்குச் சென்னைத் துறைமுக வாசலில் கால் வைத்தோம். நானும் ஹாஃபிஸும் சிங்கப்பூர்க் கடற்படை மாலுமிகள். தூரக் கடலில் நான்கரை மாதக் காவல் பணியை முடித்துவிட்டு ஊர் திரும்பும் வழியில் கப்பல் இங்கே நின்றது. மதியம் இரண்டு மணி வரை விடுப்பு. மற்றவர்கள் மெரினாவுக்குக் கிளம்பினார்கள். எங்களுக்கு வேறு வேலை இருந்தது.

கப்பலில் காவல் முறை முடிந்தால் தூக்கம், பழைய படங்கள், கேரம். கேரத்தில் என்னை யாரும் ஜெயித்ததில்லை. "இது எங்கள் தமிழர் ஆட்டம், சென்னையிலும் ஜெயித்துக் காட்டுகிறேன்" என்று சாப்பாட்டுக் கூடத்தில் வாய்விட்டுவிட்டேன். தோற்றால் சிங்கப்பூர் சேரும்வரை ஆறு நாளும் எல்லோருடைய தட்டையும் நான் கழுவ வேண்டும் என்று பந்தயம். எனக்காகப் பரிந்து பேசிய ஹாஃபிஸையும் அதில் சேர்த்துவிட்டார்கள், பாவம்.

ராயபுரம் போக வேண்டும் என்றதும் ஆட்டோக்காரர் மூர்த்தி எங்களை மேலும் கீழும் பார்த்தார்.

"மெரினாவ வுட்டுட்டு ராயபுரத்துல இன்னா சார் பாக்கப்போற?"

"கேரம் கிளப்."

"அத்த மொதல்ல சொல்லக்கூடாதா. குந்து."

ராயபுரத்துக் கல்மண்டபம் மூன்று கிலோமீட்டர்தான், நூற்றிருபது ரூபாய். கன்டெய்னர் லாரிகளுக்குள் புகுந்து போய்ச்சேர அரை மணி நேரம் ஆயிற்று. "தெருவுக்குத் தெரு ஒரு சாம்பியன் கீறாங்க சார்" என்று சொல்லிக்கொண்டே வந்த மூர்த்தி, வண்டியை ஓரங்கட்டிவிட்டு எங்களோடு கிளப் மாடிக்கு ஏறினார்.

பத்தே கால். அறையில் நான்கு பலகைகள், ஒவ்வொன்றின் மேலும் ஒரு விளக்கு. என்னோடு ஆட ஸ்டெல்லா வந்தார். துறைமுகத்தில் கன்டெய்னர் எண் சரிபார்க்கும் வேலை, அன்று மதிய ஷிஃப்ட். மாநிலப் போட்டிகளில் ஆடியவர் என்று மூர்த்தி என் காதில் போட்டுவைத்தார்.

பலகையில் பவுடர் தூவினார்கள். கப்பலில் நாங்கள் பவுடர் போடுவதில்லை. போட்டால் கப்பல் சாய்கிற பக்கமெல்லாம் காய்களும் போய்விடும். வெறும் பலகையில் ஓங்கி அடித்தே பழகிய கை, இங்கேயும் ஓங்கி அடித்தது. ஸ்ட்ரைக்கர் எகிறி மூர்த்தியின் மடியில் விழுந்தது.

"அது மேல இன்னா சார் கோவம்?" என்றார்.

ஸ்டெல்லா விரலால் தொட்டுத்தொட்டே ஐந்து நிமிடத்தில் முடித்துவிட்டார். நான் போட்டது இரண்டே காய். எனக்கு அழுகையே வந்துவிடும் போலிருந்தது.

"பவுடர் பழக்கமில்லியாண்ணா?" என்று கேட்டார் ஸ்டெல்லா.

"கப்பலில் போடமாட்டோம்."

ஒரு துணியை எடுத்துப் பலகையை மூலைக்கு மூலை துடைத்தார்.

"இப்ப ஆடுங்க. நாளிக்கி கடல்ல போயி, பவுடரால தோத்தேன்னு சொல்லிக்கினு இருக்கக்கூடாது."

எங்கள் ஊரிலும் நல்ல ஆட்டக்காரர்கள் உண்டு. ஜெயித்த கையோடு எதிராளிக்குத் தோதாகப் பலகையை மாற்றித் தருபவரை அங்கே நான் பார்த்ததில்லை.

இப்போது இது என் பலகை. சிவப்பைப் போட்டேன். எட்டுக் காய் போட்டாயிற்று, ஒன்றுதான் பாக்கி. ஸ்டெல்லா அடித்தவை பாதி வழியிலேயே நின்றன. அவர் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு பிடியை மாற்றிக்கொண்டு, என்னைப் போலவே ஓங்கி அடிக்கத் தொடங்கினார். மீதியிருந்த ஐந்து காயும் வரிசையாகக் குழிக்குள் போயின. கடைசிக் காய் விழுந்ததும் விரலை உதறினார்.

"மாசக்கணக்கா எப்டிதான் ஆடுறீங்களோ. கை கடுக்குது."

டீக்குக்கூட எங்களைக் காசு கொடுக்க விடவில்லை.

மற்றவர்களின் ஆட்டங்களையும் பார்த்துவிட்டுப் பன்னிரண்டரைக்குத் திரும்பினோம். ஆட்டோவில் ஹாஃபிஸ் மலாயில் மெல்லச் சொன்னான்: "ஜெயித்ததாகச் சொல்லிவிடலாம். நம் இருவரைத் தவிர கப்பலில் யாருக்குத் தெரியும்?"

நியாயமான யோசனைதான். ஆறு நாள் தட்டு கழுவுவது ஒன்றும் விளையாட்டில்லை. துறைமுக வாசல்வரை அதையே யோசித்துக்கொண்டு வந்தேன். ராயபுரம் நான் காலையில்தான் முதன்முதலாகப் பார்த்த இடம். ஆனாலும் சொந்த ஊரே ஜெயித்ததுபோல் என் நெஞ்சு பெருமையில் விம்மிக்கொண்டிருந்தது.

மற்றவர்களும் கப்பல் திரும்பியதும் சாப்பாட்டுக் கூடத்தில் எல்லோரும் சூழ்ந்துகொண்டார்கள். ஜெயித்தது யார் என்று கேட்டார்கள்.

"ராயபுரம்" என்றேன், "பவுடர் போட்டும் ஜெயித்தது, துடைத்துவிட்டும் ஜெயித்தது."

ஹாஃபிஸ் என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டுச் சட்டைக் கையை மடித்துக்கொண்டான்.