பவுலினாவின் பாஸ்வேர்ட்

றொஷேல் பிறந்தது மடுல்சீமைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் மேல் லயத்தில், தொழிலாளர்களின் வரிசை வீடுகளில் ஒன்றில். மழை பிடித்தால் பஸ் பாதி வழியிலேயே நின்றுவிடும். மிச்சத் தூரம் சேற்றில் நடக்க வேண்டும். அப்படி நடந்தே உயர்தரம் வரை படித்து, பதுளையில் ஒரு தனியார் வகுப்பில் சின்னப் பிள்ளைகளுக்குத் தமிழ் சொல்லிக்கொடுக்கும் வேலையில் சேர்ந்தாள். மாதா கோயில் பாடகர் குழுவில் றோயைப் பார்த்துப் பழகி, அவனையே கட்டிக்கொண்டு டவுனுக்குக் குடிவந்தாள்.

வீடு றோயுடையது அல்ல, அவன் அண்ணன் லூக்காஸுடையது. மேல்மாடியில் லூக்காஸும் அவர் மனைவி பவுலினாவும் இருந்தார்கள். கீழே இரண்டு அறை றோய்க்கு. மலைச்சரிவில் ஒடுங்கி நின்ற வீடென்பதால் போனுக்குச் சிக்னல் எடுக்காது. வெளியுலகத்தோடு பேச இருந்த ஒரே வழி மேல்மாடி ஹோலில் பவுலினா வைத்திருந்த ரவுட்டர்தான். அதன் பாஸ்வேர்டை அவள் யாருக்கும் சொன்னதில்லை. யாருக்காவது வேண்டுமென்றால் தானே அடித்துக் கொடுப்பாள், ஒரு கையால் மறைத்துக்கொண்டு.

றொஷேலுக்கு அது அடிக்கடி வேண்டியிருந்தது. வெளிநாட்டில் வளரும் தமிழ்ப் பிள்ளைகள் சிலருக்கு லெப்டொப் வழியாகப் பாடம் நடத்தத் தொடங்கியிருந்தாள். றோய் வாங்கிக் கொடுத்த பழைய லெப்டொப் அது. நன்றாகத்தான் வேலை செய்யும். ஆனால் மூடி வைத்துத் திறந்தாலோ, சும்மா இருந்து தூங்கிப்போய் எழுந்தாலோ, வைஃபை என்று ஒன்று இருந்ததே அதற்கு ஞாபகம் இருக்காது. மறுபடியும் முதலிலிருந்து பாஸ்வேர்ட் கேட்கும். உடனே றொஷேல் அதைத் தூக்கிக்கொண்டு படியேறி, பவுலினாவின் வாசலில் நிற்க வேண்டும்.

பவுலினா உடனே எழுந்து வந்ததில்லை. சீரியல் முடியட்டும் என்பாள், கறி இறங்கட்டும் என்பாள். சில நாள் ஒன்றுமே சொல்லாமல் நகம் வெட்டிக்கொண்டிருப்பாள். பாஸ்வேர்டைத் தன்னிடம் சொன்னால் தொந்தரவு இருக்காதே என்று றொஷேல் ஒருமுறை கேட்டாள். இன்றைக்கு உனக்குச் சொன்னால் நாளைக்கு உன் லயம் முழுக்கத் தெரியும் என்று சிரித்துக்கொண்டே பதில் வந்தது. மடுல்சீமை லயத்தில் இருப்பவர்களுக்கு பதுளை ரவுட்டரால் என்ன ஆகப்போகிறது? அதைக் கேட்காமலே றொஷேல் இறங்கிப் போனாள்.

போன வருடம் அவளுக்கு ஒரு நல்ல வாய்ப்பு வந்தது. வெளிநாட்டில் இருந்து நடத்தும் ஓர் இணையப் பள்ளிக்கூடம், நிரந்தர ஆசிரியை வேண்டுமென்று நேர்முகத்துக்குக் கூப்பிட்டது. காலையிலேயே பாஸ்வேர்ட் அடித்து வாங்கி, எல்லாவற்றையும் சரிபார்த்து வைத்தாள். பிறகு சேலை கட்டப் போனாள். திரும்பி வருவதற்குள் லெப்டொப் தூங்கிவிட்டது. எழுப்பினாள். எல்லாம் மறந்து போயிருந்தது.

ஓடிப் படியேறினாள். ஹோல் நிறைய மாதர் சங்கத்துப் பெண்கள். பவுலினா கேக் வெட்டிக்கொண்டிருந்தாள். நேர்முகத்துக்கு நேரமாகிவிட்டது என்று றொஷேல் மெல்லச் சொல்லவும், கையைக் காட்டி நிற்கச் சொன்னாள். வந்திருந்தவர்களில் ஒருத்தி இது யார் என்று விசாரித்தாள்.

"தம்பி பொஞ்சாதி. லயத்துல இருந்து எடுத்தது" என்றாள் பவுலினா. "அதுக்கும் ஒண்ணும் மண்டையில நிக்காது, அது மிஷினுக்கும் நிக்காது. நான்தான் ஒவ்வொரு தடவையும் அடிச்சுக் குடுக்குறேன்."

பெண்கள் சிரித்தார்கள். எல்லாருக்கும் கேக் கொடுத்து, தேத்தண்ணி ஊற்றி, கையைக் கழுவித் துடைத்த பிறகுதான் பவுலினா லெப்டொப்பை வாங்கினாள். றொஷேல் கீழே வந்து சேர்ந்தபோது நேர்முகத் திரையின் மறுபக்கத்தில் யாரும் இல்லை. மன்னிப்புக் கேட்டு எழுதினாள். வேறொருவரை எடுத்துவிட்டதாகப் பதில் வந்தது.

அவள் அழவில்லை. அந்தச் சிரிப்பு மட்டும் காதுக்குள் கிடந்தது. இரவு றோய் வந்ததும் சொன்னாள். அண்ணி வேண்டுமென்று செய்திருக்க மாட்டார் என்றான் அவன். அதற்குப் பிறகு இந்தப் பேச்சை அவனிடம் எடுக்கவே இல்லை.

அந்த வாரமே லெப்டொப்பைப் பையில் போட்டுக்கொண்டு, பஜாரில் கம்பியூட்டர் திருத்தும் பர்ஹானின் கடைக்குப் போனாள். தூங்கப் போகும்போது மிஷின் வைஃபையையும் சேர்த்து நிறுத்திவிடுகிறது, உள்ளே இருக்கும் மென்பொருளும் பழையது என்று பார்த்துச் சொன்னான் பர்ஹான். பேசிக்கொண்டிருக்கும்போதே திருத்தியும் கொடுத்தான். போகிற போக்கில் இன்னொன்றையும் காட்டினான். ஒரு ரவுட்டரோடு சேர்ந்திருக்கும்போது இந்த இடத்தை அழுத்தினால், அதன் பாஸ்வேர்ட் எழுத்தெழுத்தாகத் தெரியுமாம்.

வீட்டுக்கு வந்து கடைசித் தடவையாகப் படியேறிப் பவுலினாவிடம் பாஸ்வேர்ட் அடித்து வாங்கினாள். கீழே வந்து அழுத்திப் பார்த்தாள். இத்தாலியில் இருக்கும் மகனின் பெயரும் அவன் பிறந்த வருடமும். இவ்வளவுதானா என்றிருந்தது.

ஆனால் அது கடைசித் தடவையாக இருக்கவில்லை. லெப்டொப் இப்போது எதையும் மறப்பதில்லை. றொஷேல்தான் ஒவ்வொரு தடவையும் தன் கையால் அதை மறக்க வைத்தாள். பிறகு படியேறிப் போய், தலையைக் குனிந்துகொண்டு வாசலில் நின்றாள். பவுலினா எவ்வளவு நேரம் நிற்க வைத்தாலும் நின்றாள். நிற்கிற நேரம் முழுக்க அவளையே பார்த்துக்கொண்டிருந்தாள். நத்தார் பண்டிகைக்கு மேல்மாடியைத் துடைக்கக் கூப்பிட்டபோது, ரவுட்டரைத் திருப்பி, அதன் உள்ளே நுழைய அடியில் ஒட்டியிருந்த இன்னொரு பாஸ்வேர்டையும் படித்துக்கொண்டாள். அதை வைத்து, கீழே உட்கார்ந்தபடியே தன் போனால் யாருடைய தொடர்பையும் நிறுத்தலாம், திரும்பவும் விடலாம் என்று தெரிந்தது.

முதலில் பவுலினாவின் ஜெபக் கூட்டங்களில் கை வைத்தாள். மேலே பவுலினா ஊரெல்லாம் இருக்கும் சொந்தக்காரர்களைப் போனில் சேர்த்து ஜெபமாலை சொல்லத் தொடங்குவாள். கீழே றொஷேல் ஒரு விரலை அசைப்பாள். "கேக்குதா? கேக்குதா?" என்று மேலே குரல் உயரும். அந்தக் குரலைக் கேட்டுக்கொண்டே வெங்காயம் உரிப்பது அவளுக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. திருத்த வந்தவர்கள் பழுது எதுவும் இல்லை என்று சொல்லி, கடைசியில் எரிச்சலோடு திரும்பிப் போனார்கள்.

பிறகு பவுலினாவின் முதல் பேரனுக்கு இத்தாலியில் ஞானஸ்நானம் வந்தது. நேரடியாகப் பார்க்க மாதர் சங்கத்துப் பெண்களையெல்லாம் கூப்பிட்டிருந்தாள். மேலே கதிரைகள் இழுபடும் சத்தம் கேட்டது. பாட்டுக் கேட்டது. குருவானவர் குழந்தையைக் கொண்டுவரச் சொன்னபோது, றொஷேல் விரலை அசைத்தாள்.

கொஞ்ச நேரத்தில் பவுலினா போனோடு படியிறங்கி வந்தாள். அந்த வாசலுக்கு அவள் வந்தது அதுதான் முதல் தடவை.

"றொஷேல், உன் மிஷின்ல வருதா பாரு. பிள்ளைக்குத் தண்ணி ஊத்தப் போறாங்க."

"கொஞ்சம் இருங்கக்கா" என்றாள் றொஷேல். அடுப்பைத் தணித்தாள். கையைக் கழுவினாள். நிதானமாகத் துடைத்தாள். பவுலினா அவசரப்படுத்த அவசரப்படுத்த, ஒவ்வொரு விரலாகத் துடைத்தாள். பிறகு மூடியிருந்த லெப்டொப்பை அவள் முன்னால் வைத்துத் திறந்தாள். அது தானாகவே வைஃபையில் சேர்ந்துகொண்டது.

"இது இப்ப மறக்கிறதில்லக்கா. ரொம்ப நாளாவே மறக்கிறதில்ல."

பவுலினாவுக்கு விளங்கவில்லை. "அப்ப எதுக்கு மேல வந்து நின்ன?"

"எவ்வளவு நேரம் நிக்க வைப்பீங்கன்னு பாக்கத்தான்." போனை எடுத்து அவள் கண் முன்னாலேயே விரலை அசைத்தாள். "உங்க போனையும் நான்தான் நிப்பாட்டினேன். இப்ப வரும், பாருங்க."

படம் வந்தது. குழந்தையின் தலையைத் துடைத்து முடித்திருந்தார்கள். எல்லாரும் வரிசையாக நின்று போட்டோ எடுத்துக்கொண்டிருந்தார்கள். பவுலினாவுக்குப் பின்னால் படியில் இறங்கி வந்திருந்த மாதர் சங்கத்துப் பெண்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

"லயத்துப் புத்தி" என்றாள் பவுலினா.

"ஆமாங்கக்கா" என்றாள் றொஷேல்.

அந்த மாதமே வீட்டை விட்டுப் போகச் சொன்னார் லூக்காஸ். பசறை வீதியில் இரண்டு அறை வாடகைக்குக் கிடைத்தது. அங்கே சிக்னல் நன்றாக எடுத்தது. வகுப்புக்குப் பிள்ளைகளும் கூடினார்கள். றோய்தான் உடைந்து போனான். இதுவரை அண்ணனை விட்டுத் தனியாக இருந்து பழகாதவன். இவ்வளவு செய்ய வேண்டியிருந்ததா என்று ஒருநாள் சாப்பிடும்போது கேட்டான். அவன் முகத்தைப் பார்க்க அவளுக்குக் கஷ்டமாகத்தான் இருந்தது. ஆனாலும் பொய் சொல்லவில்லை. மறுபடி நடந்தாலும் இப்படியேதான் செய்வேன் என்றாள்.

ஞாயிறு பூசையில் இரண்டு குடும்பங்களும் வேறு வேறு வரிசையில் உட்கார்ந்தன. ஒருநாள் கூட்டம் அதிகமாகி, பவுலினாவுக்கு நேர் பின்னால் றொஷேலுக்கு இடம் கிடைத்தது. ஒருவருக்கொருவர் சமாதானம் சொல்லும் நேரம் வந்தது. பவுலினா இடது பக்கம் கும்பிட்டாள், வலது பக்கம் கும்பிட்டாள், பின்னால் மட்டும் திரும்பவில்லை.

றொஷேல் கைகளைக் கூப்பி, மாதர் சங்கத்துப் பெண்கள் அத்தனை பேருக்கும் கேட்கும்படி, "சமாதானம் அக்கா" என்றாள்.

பவுலினா திரும்பித்தான் ஆக வேண்டியிருந்தது. கைகள் கூடின; உதடு அசைந்தது; சத்தம் வரவில்லை. றொஷேல் கூப்பிய கையை இறக்காமல், அந்தச் சத்தம் வரும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.