ஓடைச் சத்தம் நின்ற பிற்பகல்

என் பாட்டை நானே எழுதி, நானே மெட்டுப் போட்டு, நானே பாடுவேன். எழுபதுகளில் எருத்தேன்பதிப் பக்கம் ஒரு பெண் இப்படிச் சொன்னால், "அது எந்தப் படத்துல வந்ததுங்க?" என்றுதான் கேட்பார்கள். எந்தப் படத்திலும் வரவில்லை என்றால் அவர்கள் முகம் வாடிவிடும். சித்தூரில் ஒரு நாடகக் குழுவும் பாலக்காட்டில் நடனம் சொல்லிக்கொடுத்த ஓர் அம்மாளும் மட்டும் என்னைத் தேடி வருவார்கள். நாடகத்துக்குப் பாட்டு, ஆட்டத்துக்கு மெட்டு. முப்பது வயதில் கல்யாணம் ஆகாமல் ஆர்மோனியத்தைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறுகிறாள் என்று ஊரில் பேசினார்கள். பேசிப் பேசி அவர்களுக்கே சலித்துப்போயிற்று.

அப்படியொரு நாடகத்தைச் சித்தூரில் பார்த்த ஒருவர், உடும்பஞ்சோலைப் பக்கம் ஓர் ஏலக்காய்த் தோட்டத்தில் கணக்கப்பிள்ளையாக இருந்தார். தீபாவளிக்குத் தோட்டத்து ஆட்களே நடிக்க ஒரு நாடகம் எழுதியிருந்தார். உப்பு வாங்க மலையிறங்கிப் போன கணவன் திரும்பவில்லை. மனைவி அந்த மலையையே நியாயம் கேட்கிறாள். கடைசியில் பெண்கள் எல்லாரும் சேர்ந்து ஓர் ஆட்டம். "பாட்டு பூராவும் நீங்கதாம்மா போடணும்" என்றார். ஐப்பசி பிறந்ததும் பொள்ளாச்சி, பழனி, தேனி, போடி என்று பஸ் மாறிப் போய்ச் சேர்ந்தேன்.

அங்கே ஆட்கள் குடியிருக்கும் வரிசை வீடுகளுக்கு லயம் என்று பெயர். எனக்குத் தெரிந்த லயம் தாளத்தோடு சேர்ந்தது. "டீச்சருக்கு லயத்துல இடம் போட்டிருக்கு" என்று ஒரு பெண் சொன்னதும் சிரித்துவிட்டேன். ஏனென்று தெரியாமலே அவளும் சிரித்தாள். ஏலக்காய் பறிக்கிறவள். நாடகத்தில் மனைவி வேஷம் அவளுக்குத்தான். ஆட்டத்திலும் முன்னால் நிற்பவள் அவளே.

ஒத்திகை ஸ்டோரில் நடந்தது. பறித்த காயைச் சூட்டில் உலர்த்தும் கட்டடம் அது. ஒரு பக்கம் அடுப்பும் உலர்த்தும் அறையும். மறுபக்கம் காய் பொறுக்கும் கூடம். வேலை முடிந்த பிற்பகலில் அந்தக் கூடத்தில் ஆடினோம். பின்னால் செங்குத்தான சரிவு, பக்கத்தில் ஓர் ஓடை. அடுப்புக்கு விறகு போடுகிறவர்தான் எங்களுக்குத் தப்பு அடித்தார். மெலிந்த, அதிகம் பேசாத மனிதர். ஈரத்தில் தோல் தொய்ந்துபோனால் அடுப்பு வாயருகே காட்டி இறுக்கிக்கொள்வார்.

எந்த இடத்திலும் ஏதோ ஒரு சத்தம் அடியில் ஓடிக்கொண்டே இருக்கும். எங்கள் ஊரில் அது கிணற்று மோட்டார். இங்கே ஓடை. அதன் இரைச்சலுக்குள் ஒரு சுருதி இருந்தது. வழக்கமாக நான் பாடுவதைவிட அரைக் கட்டை கீழே. அதற்கே பாட்டுகளை இறக்கி வைத்தேன். ஆர்மோனியம் ஓய்ந்தாலும் பாட்டு நிற்காதது போல இருந்தது. தப்புக்காரர் மட்டும் அதைக் கவனித்தார். "ஆத்தோட சேத்துட்டீக" என்றார்.

ஆட்டத்துக்கான பாட்டின் முதல் அடியைச் சொல்லிக்கொடுத்தபோது பெண்கள் நிறுத்திவிட்டார்கள்.

"மலையே நீ இறங்கி வா, மறைச்சவனக் கொண்டு வா."

"டீச்சரே, இத மட்டும் பாட மாட்டோம்" என்றாள் முன்னால் நின்றவள்.

"ஏனுங்க? அவளோட துக்கம் அதானுங்களே?"

"துக்கம் சரிதேன். மழைக் காலத்துல மலைய எறங்கி வான்னு கூப்புடுவாகளா? நாங்க கீழயில்ல குடியிருக்கோம்."

எனக்குக் கோபம் வந்தது. அந்த அடியில்தான் மெட்டு மேலே ஏறி உடையும். கணக்கப்பிள்ளை என்னைத் தனியே கூப்பிட்டு, போன வருஷம் ஸ்டோருக்கு மேலே நிழல் மரங்களை வெட்டிவிட்டார்கள் என்றும், அதிலிருந்தே ஆட்களுக்கு ஒரு பயம் என்றும் சொன்னார். மாற்றினேன். "மலையே வழி சொல்லு, மறைஞ்சவன் எங்க சொல்லு." சப்பென்று இருந்தது. அவர்கள் திருப்தியாகப் பாடினார்கள்.

பிறகு மழை விடவில்லை. முன்பு தானாகச் சாத்திக்கொண்ட கூடத்துக் கதவு இப்போது நிலையில் இடித்துக்கொண்டு மூட மறுத்தது. ஈரத்தில் மரம் உப்பியிருக்கும் என்றார்கள். பெண்கள் கால் வைத்துச் சுற்றும்போது, தரை ஓர் இடத்தில் திண்ணென்றும் ஓரடி தள்ளி உள்ளே காலியாக இருப்பது போலவும் ஒலித்தது. அதைச் சொன்னால் பாட்டுக்காரியின் காது என்று சிரித்தார்கள். ஒரு நாள் விறகு பொறுக்கப் போன மனைவி வேஷக்காரப் பெண் முகம் வெளிறி வந்தாள்.

"மேல மண்ணு வெடிச்சிருக்கு. கைய விட்டேன், முழங்கை வரைக்கும் போகுது."

கணக்கப்பிள்ளை மேனேஜரிடம் போய்ச் சொன்னார். இரண்டு ஆளை விட்டு மண் போட்டு மூடச் சொன்னாராம் மேனேஜர். மூடினார்கள். மறுநாள் அந்த வெடிப்பு அதற்குப் பக்கத்திலேயே திறந்திருந்தது. அதன்பின் யாரும் போய்ப் பார்க்கவில்லை. பார்க்காமல் இருப்பதே நல்லது என்பது போல எல்லாரும் ஒத்திகைக்கு முந்தியே வந்தார்கள், சத்தமாகப் பாடினார்கள். அது எனக்கு இன்னும் பயமாக இருந்தது.

தீபாவளிக்கு முந்தின வாரம். விடாமல் கொட்டிய மழை அன்று மதியம் தூறலாகிவிட்டது. ஆட்டத்துக்கான பாட்டை எடுத்தேன். குரல் நிற்கவில்லை. கால் வைக்க இடம் தேடுவது போலத் தடுமாறியது. ஆர்மோனியத்தில் ஈரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக் கட்டைகளை ஒவ்வொன்றாக அமுக்கிப் பார்த்தேன். எல்லாம் சரியாகவே இருந்தன.

"கொஞ்சம் எல்லாரும் சும்மா இருங்க" என்றேன்.

சலங்கைகள் ஓய்ந்தன. தகரக் கூரையில் தூறல் விழுவது கேட்டது. அடுப்பில் விறகு வெடிப்பது கேட்டது. வேறு ஒன்றுமே கேட்கவில்லை.

முன்னால் நின்றவள் ஜன்னலுக்கு ஓடினாள். "அண்ணாச்சி, ஓடையில தண்ணி வரல!"

இத்தனை மழைக்குப் பிறகு ஓடை வற்றியிருந்தது. கல்லுக்கு நடுவே சேறு மட்டும் நெளிந்தது. ஒத்திகை பார்க்க வந்திருந்த கணக்கப்பிள்ளையின் குரல் மாறிவிட்டது. "மேல எங்கயோ மண்ணு விழுந்து அடைச்சிருச்சு. தேங்கி நிக்குது. ஓடுங்க, கோயில் மேட்டுக்கு ஓடுங்க. ஒருத்தி லயத்துக்குப் போய்ச் சொல்லு."

ஆர்மோனியத்தைத் தூக்கக் குனிந்தேன். அந்தப் பெண் என் கையைப் பிடித்து இழுத்தாள். வாசலில் திரும்பிப் பார்த்தேன். தப்புக்காரர் உலர்த்தும் அறைக் கதவைத் திறந்துகொண்டிருந்தார்.

"வாங்கண்ணா!" என்று கத்தினேன்.

"உள்ள காய் கெடக்கு தாயி. அடுப்ப அணைக்காம போனா கருகிரும். போங்க, பின்னாடியே வாறேன்."

மேட்டில் ஏறி மூச்சு வாங்கிக்கொண்டிருந்தபோது, லயத்திலிருந்தும் ஆட்கள் பிள்ளைகளோடு வந்து சேர்ந்தார்கள். இன்னும் ஒன்றும் நடக்கவில்லை. சிலருக்குக் கோபம். அடுப்பில் உலை வைத்துவிட்டு வந்ததாக ஒருத்தி என்னை முறைத்தாள். திரும்பிப் போகலாம் என்று இரண்டு பேர் எழுந்தார்கள். அப்போது சரிவின் உச்சியில் மிஞ்சியிருந்த மரங்கள் நின்ற வாக்கிலேயே நகர்ந்தன. சாயவில்லை, வரிசையாக நடந்து வந்தன. சத்தம் அதற்குப் பின்னால்தான் வந்தது. அந்தச் சத்தத்தை எந்தக் கட்டையிலும் வைக்க முடியாது.

மலை இப்படிச் சரிவதை அந்தப் பக்கத்தில் உருள்பொட்டல் என்கிறார்கள். ஸ்டோர் இருந்த இடத்தில் சிவந்த மண்ணும் வேரோடு கிடந்த மரங்களும் இருந்தன. லயத்தின் ஓரத்து வீடுகள் போயின. அவற்றில் ஆள் இல்லை. தப்புக்காரர் மட்டும் வரவில்லை. அவரை எடுக்க மூன்றாம் நாள் ஆயிற்று.

நாடகம் நின்றுபோயிற்று. ஊரிலிருந்து என் அண்ணன் வந்து அழைத்துப் போகும்வரை அங்கேயே இருந்தேன். பாட்டுக்காரியின் காதுதான் காப்பாற்றியது என்றார்கள் சிலர். மலையை முதலில் கூப்பிட்டவளும் அவள்தான் என்றார்கள் வேறு சிலர். இரண்டையும் என் காதுபடவே சொன்னார்கள். கிளம்பும் நாளில் தப்புக்காரரின் மனைவியைப் பார்க்கப் போனேன். வாசலில் பிள்ளைக்குத் தலை துவட்டிக்கொண்டிருந்தார். ஓடை நின்றால் என்ன வரும் என்பது தப்புக்காரருக்குத் தெரிந்திருக்காது என்று ஆறுதலாக ஏதோ சொல்ல ஆரம்பித்தேன்.

"தெரியாமலா?" என்றார் நிமிராமல். "ஒங்களுக்கு முந்தியே கேட்டிருப்பாரு. போன தடவ காய் கருகுனதுக்கு அவர ஸ்டோர விட்டே வெளிய போட்டாக. காலப் புடிச்சு மறுபடி உள்ள போனாரு. அதேன் நின்னாரு."



அடுத்த வருஷம் கணக்கப்பிள்ளை சித்தூருக்கு வந்தபோது என்னைத் தேடி வந்தார். அதே நாடகத்தை இந்தத் தீபாவளிக்காவது போட வேண்டும் என்று ஆட்கள் ஆசைப்படுகிறார்களாம். ஸ்டோர் எங்கே கட்டுகிறார்கள் என்று கேட்டேன்.

"பழைய எடத்துலதாம்மா. மண்ண வாரிட்டுக் கட்டியாச்சு."

கோயில் மேட்டில், வெட்டவெளியில் ஒத்திகை என்றால் வருகிறேன் என்றேன். ஒத்துக்கொண்டார். போனேன். மேட்டிலேயே பந்தல் போட்டு நாடகமும் நடந்தது. அந்தப் பெண் மனைவி வேஷத்தில் அழுதபோது கூட்டத்தில் ஒருவரும் அசையவில்லை. தப்பு அடிக்க ஆள் இல்லாமல் ஆட்டத்தைக் கைத்தாளத்திலேயே முடித்துக்கொண்டார்கள். ஆனால் ஒத்திகை நடந்த எல்லாப் பிற்பகல்களிலும் கீழே புது ஸ்டோரிலிருந்து புகை எழுந்துகொண்டே இருந்தது. அடுப்புக்கு வேறொருவரை வைத்திருந்தார்கள். சரிவில் மரம் ஒன்றுகூட இல்லை.