பிரேமில் அடைபட்ட புள்ளி

சென்ற சனிக்கிழமை மதியம் எனக்கு வயிற்றைக் கலக்கியது. சாப்பாட்டினால் இல்லை... ஒரு டி-ஷர்ட்டினால்.

பிரிக்ஃபீல்ட்ஸில் நான் நடத்தும் சின்ன ஸ்கிரீன் பிரிண்டிங் கடையைப் பற்றி இங்கே அவ்வப்போது புலம்பியிருக்கிறேன். அன்று அச்சுப் பிசகிய டி-ஷர்ட் ஒன்று மிச்சம் கிடந்தது. மேசை துடைக்கலாமே என்று எடுத்தேன். முதுகுப் பக்கம் பெரிய எழுத்தில் ஒரு வாசகம்: ‘கல்விக்காக நடப்போம்’.

அப்படித்தான் இருந்திருக்க வேண்டும். ஆனால் ‘ல்’ மேல் புள்ளியைக் காணோம்.

அந்தப் புள்ளி இல்லாமல் ஒரு தடவை படித்துப் பாருங்கள். மனத்துக்குள்ளேயே படியுங்கள் — பக்கத்தில் மாமியார் இருக்கலாம்.

மற்ற நூற்றிருபதும் காலையிலேயே கிள்ளானுக்குப் போய்விட்டன. அங்கே ஒரு தமிழ்ப்பள்ளியின் முன்னாள் மாணவர்கள், பள்ளிக்கு நிதி திரட்ட மாலை ஐந்தரைக்கு ஊர்வலமாக நடக்கிறார்கள். ஆர்டர் கொடுத்தவர் சங்கச் செயலாளர். பெயர் ராஜேஸ்வரி அக்கா என்று வைத்துக்கொள்வோம். அந்தப் பதவிக்கு வந்த முதல் பெண். ‘இந்தம்மாவால் முடியுமா?’ என்று கேட்டவர்கள் அதே கமிட்டியில் உட்கார்ந்திருக்கிறார்கள். அக்கா முன்வரிசையில் நடக்க, பின்னால் வருகிற அத்தனை பேரும் அவர் முதுகைப் படித்துக்கொண்டே வந்தால்?

அக்காவுக்கு ஃபோன் அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன். எடுக்கவில்லை.

குமாரைக் கூப்பிட்டேன். பத்து வருஷமாக என்னோடு அச்சடிப்பவர், நாற்பதைத் தாண்டியவர். தமிழில் வெளுத்து வாங்குவார் — பேச்சில் மட்டும். மலாய்ப் பள்ளியில் படித்ததால் தமிழ் எழுத்து தெரியாது.

“குமார், இது மேல ஒரு புள்ளி இருந்திருக்கணுமே?”

குனிந்து பார்த்தார். “அதுவா... பின்ஹோல்னு நினைச்சு அடைச்சிட்டேன்க்கா. நீங்கதானே எல்லா ஓட்டையும் அடைக்கச் சொன்னீங்க?”

சொன்னேன். நானேதான் சொன்னேன். பிரேமில் இழுத்துக் கட்டிய வலைத்துணியில் எழுத்து மட்டுமே திறந்திருக்க வேண்டும். அச்சடிக்கும் முன் அதை விளக்குக்கு எதிரே தூக்கிப் பிடித்துப் பார்ப்போம். எழுத்துக்கு வெளியே ஊசிமுனை அளவு வெளிச்சம் தெரிந்தாலும் அந்த வழியாக இங்க் கசியும். அதனால் எமல்ஷன் பசை தொட்டு அடைத்துவிடுவோம்.

“மத்த புள்ளியெல்லாம் பெருசா இருந்துச்சுக்கா. இது மட்டும் பொடிசா... பக்கத்துலயே நாலஞ்சு ஓட்டை வேற.”

அது ஏன் பொடிசானது? அதற்கும் நானே காரணம். அலுமினிய பிரேம் எல்லாம் வேறு வேலையில் இருந்தன. மூலையில் கிடந்த பழைய மரப் பிரேமை எடுத்துக் கொடுத்தேன். கழுவிக் கழுவி மரம் முறுக்கிக்கொண்டுவிட்டது, எழுத்தைப் பதிக்கும் ஒளிமேசைக் கண்ணாடி மேல் வைத்தால் ஒரு மூலை ஆடும். மெஷ்ஷை, அதாவது அந்த வலைத்துணியை, விரலால் அழுத்தினால் பழைய மெத்தை மாதிரி உள்ளே போகும். தொய்ந்த மெஷ்ஷில் எழுத்துள்ள ஃபிலிம் ஒட்டி உட்காராது. இடுக்கில் வெளிச்சம் புகுந்து சின்னச் சின்ன புள்ளிகளை இன்னும் சின்னதாக்கிவிடும். இதெல்லாம் எனக்குத் தெரியாதா? தெரியும். ‘ஒரு தடவைதானே’ என்று நினைத்தேன். நம் வாழ்க்கையில் பாதி விபத்து இந்த நினைப்பில்தான் ஆரம்பிக்கிறது.

இங்க் டப்பா, பல்குச்சி, ஹேர் டிரையர் எல்லாவற்றையும் வேனில் போட்டுக்கொண்டு கிளம்பினோம். குமார் ஓட்டினார். ஃபெடரல் ஹைவேயில் ஜாம். யாராவது போட்டோ எடுத்து வாட்ஸ்அப்பில் போட்டுவிட்டார்களா என்று நிமிஷத்துக்கொரு தரம் பார்த்தேன். இப்படிப் பயந்து பல வருஷம் இருக்கும்.

“ரிலேக்ஸ் லா, அக்கா. ஒரு புள்ளிதானே,” என்றார் குமார்.

எனக்கு எரிச்சல் வந்தது. ஆனால் என்ன சொல்லாகிவிட்டது என்று அவரிடம் சொல்ல வாய் வரவில்லை.

பள்ளி மண்டபத்துக்குப் போனபோது மணி மூன்று. டி-ஷர்ட் பெட்டிகள் பிரிக்கப்படாமல் இருந்தன. போன உயிர் பாதி திரும்பியது. ஒரே ஒரு பெட்டி மட்டும் திறந்திருந்தது...

ராஜேஸ்வரி அக்கா அதிலிருந்த டி-ஷர்ட் ஒன்றைப் போட்டுக்கொண்டு நின்றார். மேடைக்காரர்களை விரட்டிக்கொண்டிருந்தார். அவர் முதுகுக்குப் பின்னால் கமிட்டிக்காரர் இருவர் எதையோ பேசிச் சிரித்தார்கள்.

போச்சு, படித்துவிட்டார்கள். குமார்தான் என்னைத் தள்ளாத குறையாக அழைத்துப் போனார்.

“பிரியாணி பத்துமா லா? போன தடவ நமக்கு வெறும் சோறுதான் கெடச்சிச்சு,” என்றார் ஒருவர். மற்றவர் மறுபடி சிரித்தார்.

பிரியாணியைப் பற்றிப் பேசியதற்காக யாரையும் நான் அப்படி வாழ்த்தியதில்லை.

“அக்கா, இங்க் சரியா காயலை. கொஞ்சம் ஹீட் காட்டணும், அப்படியே நில்லுங்க,” என்று கூசாமல் புளுகினேன்.

“முதுகைச் சுட்டுறாதம்மா. ஃபோன் எங்க வெச்சேன்னே தெரியல,” என்றபடி நின்றார்.

பல்குச்சியை இங்க்கில் தொட்டேன். நுனியில் ஒரு சொட்டு தொங்கியது. அது பக்கத்து எழுத்தில் விழுந்தால் இன்னும் என்னென்ன ஆகுமோ... குச்சி எழுத்துக்குப் பக்கத்திலேயே போக மாட்டேன் என்றது.

குமார் அதை வாங்கிக்கொண்டார். “எங்க வைக்கணும்னு மட்டும் காட்டுங்கக்கா,” என்றார் மெதுவாக.

காட்டினேன். ஒரே தொடல். அச்சில் வந்தது போலவே உட்கார்ந்தது.

மீதியைக் கன்டீனுக்குக் கொண்டுபோய் ஒவ்வொன்றாகப் பிரித்தோம். அவர் வைத்தார், நான் காயவைத்தேன். ஒன்றில்கூட அவர் கை பிசகவில்லை.

ஐந்தரைக்கு ஊர்வலம் புறப்பட்டது. சாலையோரம் நின்று ஒவ்வொரு முதுகாகப் படித்தேன். கல்வி, கல்வி, கல்வி. கடைசி முதுகு திருப்பத்தில் மறைந்த பிறகுதான் மூச்சு விட்டேன்.

வேனுக்குத் திரும்பினோம். சாவியைக் கையில் வைத்துக்கொண்டு குமார் கேட்டார். “அப்படி என்னதான்க்கா எழுதியிருந்துச்சு?”

காதோடு சொன்னேன்.

குமார் ஊர்வலம் போன பக்கம் பார்த்தார். பிறகு தன் கையைப் பார்த்தார். சாவியை என்னிடம் நீட்டினார்.

பிரிக்ஃபீல்ட்ஸ் வரை வண்டியை நான்தான் ஓட்டினேன்.