மெர்சியாவும் எங்கள் கால்நாட்டும்

சித்தப்பா மகன் போன் செய்தபோது, நான் மேசையில் பழைய இங்கிலாந்தின் வரைபடத்தை விரித்துவைத்து மெர்சியா என்ற அரசுக்குப் பச்சை மையால் எல்லை போட்டுக்கொண்டிருந்தேன். ஞாயிற்றுக்கிழமை வாசகர் வட்டத்தில் பேச வேண்டும். கோடு கோணாமல் வரவேண்டுமே என்ற கவனத்தில் போனைத் தோளுக்கும் காதுக்கும் இடையே இடுக்கிக்கொண்டேன்.

"எண்ணே, அடுத்த வெள்ளிக்கிழம கால்நாட்டுக்கு நானும் வரணுமா?"

"வேலை ஒண்ணும் இல்லலே. முடிஞ்சா வா" என்றேன்.

"சரிண்ணே" என்று வைத்துவிட்டான். நான் கோட்டை முடித்தேன். நேராக வந்திருந்தது.

அவன் கேட்டது எப்படிப்பட்ட கேள்வி என்பது எனக்கு உறைக்க இரண்டு நாள் ஆயிற்று. அதைச் சொல்ல, எங்கள் கோயிலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கரிவலம்வந்தநல்லூரில் இருந்து சற்றுத் தள்ளி, சித்தப்பாவின் வயலை ஒட்டி எங்கள் குலதெய்வம் மாடசாமி நிற்கிறார். ஆவணியில் கொடைத் திருவிழா. அதற்கு முந்தைய வெள்ளிக்கிழமை பந்தலுக்கு முதல் கால் நடுவோம். அதுதான் கால்நாட்டு. சங்கரன்கோவிலில் இருக்கும் நாங்கள் மூத்த வீடு; பச்சைக் கம்பை வெட்டிக்கொண்டு போவது எங்கள் முறை. குழி தோண்டுவது இளைய வீடான சித்தப்பா வீட்டு முறை. கம்பு குழிக்குள் இறங்கியதும் இரண்டு வீட்டுக் கைகளும் அதன்மேல் இருக்க வேண்டும். இரண்டில் ஒன்று இல்லாவிட்டால் கொடை இல்லை என்பார்கள்.

அன்று ஒரு நாள் மட்டும் சித்தப்பா மகனான என் தம்பிதான் ராஜா. எங்கே தோண்டுவது என்று அவனே நடந்து பார்த்து, குதிகாலால் மண்ணை அழுத்தி முடிவு செய்வான். தோண்டிய குழிக்குள் குப்புறப் படுத்துக் கையை விட்டு ஆழம் பார்ப்பான். நான் கிட்டே போனால் விரட்டுவான். "எண்ணே, செருப்போட வந்து நிக்கியளே, ஆபீஸுன்னு நெனச்சியளா? தள்ளி நில்லுங்க!" எல்லோரும் சிரிப்பார்கள். நானும் செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நிற்பேன்.

எனக்கு எதிலும் ஒழுங்கு வேண்டும். முன்பெல்லாம் கொடைத் தேதியை இரண்டு வீட்டாரும் சாமி முன்னால் உட்கார்ந்து பேசி முடிப்பார்கள். பேச்சு இழுத்துக்கொண்டே போகும். என் விடுமுறையைப் பார்த்து நானே தேதி குறிக்கத் தொடங்கினேன். பிறகு நோட்டீஸ் அடிப்பதை எடுத்துக்கொண்டேன். அவன் அடித்தால் எழுத்துப்பிழை வருகிறது. பிறகு மேளம் பேசுவது. பிறகு சமையல் ஆள். ஒவ்வொரு முறையும் அவனிடம் கேட்டுத்தான் செய்தேன். ஒவ்வொரு முறையும் "நீங்களே பாத்துக்கிடுங்கண்ணே" என்றுதான் சொன்னான்.

போன வருஷம் நல்ல மழை. அவன் தோண்டத் தோண்டக் குழியில் தண்ணீர் ஊறியது. நல்ல நேரம் தப்பிவிட்டது. கொடை முடிந்த மறுநாளே கொத்தனாரைக் கூட்டிப் போய், கோயில் வாசலில் ஓர் இரும்புக் குழாயைச் சிமெண்டில் பதித்துவிட்டேன். இனி கம்பைக் கொண்டுபோய்ச் சொருகினால் போதும், மழையும் சேறும் ஒன்றும் செய்யாது. சொந்தக்காரர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அவனும் குழாயைக் குனிந்து பார்த்து, "நல்ல காரியம்ணே" என்றான். இனி குழியே கிடையாது என்பது எனக்கும் தெரிந்துதான் இருந்தது. அதை வசதி என்றுதான் நினைத்தேன்.

மெர்சியா எனக்குப் பழக்கமானது மகளால். பர்மிங்காமில் நர்ஸாக வேலை பார்க்கிறாள். அவளோடு தங்கியிருந்தபோது அங்குள்ள அருங்காட்சியகத்தில், ஒரு வயலில் தோண்டி எடுத்த தங்கத்தைப் பார்த்தேன். வாள்பிடிகளில் இருந்து பெயர்த்தெடுத்த துண்டுகள். அந்த ஊர் இருக்கும் பகுதிதான் ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளுக்கு முன் மெர்சியாவாக இருந்தது என்றார்கள். அன்றிலிருந்து கிடைத்ததையெல்லாம் படித்தேன்.

வாசகர் வட்டம் தெற்கு ரத வீதியில் ஒரு ரெடிமேட் கடையின் மாடியில் கூடுகிறது. வழக்கமாக வரும் ஓய்வுபெற்றவர்களும் விசைத்தறிக்காரர்கள் சிலரும் வந்திருந்தார்கள். நான் பேசத் தொடங்கிய பிறகு, எதிர்பாராமல் என் தம்பி படியேறி வந்தான். புளியங்குடி சந்தையில் எலுமிச்சையை இறக்கிவிட்டு வருகிற வழி. வெறும் சாக்கை மடித்து மடியில் வைத்துக்கொண்டு கடைசி வரிசையில் உட்கார்ந்தான்.

மெர்சியா என்றால் எல்லையோரத்து மக்கள் என்று பொருள் எனத் தொடங்கினேன். இங்கிலாந்து என்று ஒரு நாடு அப்போது இல்லை. பல சிறு அரசுகள் இருந்தன. அவற்றின் நடுவே கடற்கரைகூட இல்லாமல் கிடந்த இந்தக் கூட்டம் எப்படி எல்லோருக்கும் மேலே வந்தது? போர்களும் நடந்தன, வடக்கே ஒரு பெரிய அரசனைக் களத்தில் கொன்றார்கள். ஆனால் வாளைவிட எனக்கு வியப்பாக இருந்தது வேறு வழி. மேற்கே ஹ்விச்சே என்று ஒரு சிறு மக்கள். அவர்களுக்குத் தனி அரசர்கள் இருந்தார்கள். பழைய நிலக்கொடைப் பட்டயங்களில் அவர்களின் தலைவர் முதலில் அரசர் என்றே வருகிறார். கொஞ்ச காலம் கழித்து, மெர்சிய அரசரின் சம்மதத்தோடு நிலம் கொடுக்கும் சிற்றரசர். அதற்கும் பிறகு மெர்சிய அரசரின் அதிகாரி. அதே வம்சம், அதே ஊர். "இதுதான் நிர்வாகத் திறமை" என்றேன். அந்தச் சொல்லை ரசித்துத்தான் சொன்னேன்.

கேள்வி நேரத்தில் ஒரு தறிக்காரர் எழுந்தார். "சார், அந்தப் புதையல்ல பொம்பள நகை ஒண்ணுகூட கெடையாதா?"

"கிடைக்கலை என்றுதான் சொல்கிறார்கள்."

"அப்ப எடுத்து வித்துட்டானுவ" என்றார். மாடி முழுக்கச் சிரிப்பு.

சிரிப்பு அடங்கியபோது கடைசி வரிசையில் என் தம்பி கையைத் தூக்கினான். "அந்தச் சின்ன ராசா அதிகாரியாப் போனாரே, அவருகிட்ட சண்ட போட்டுப் புடுங்கினாவளா?"

"அப்படிச் சண்டை நடந்ததாகக் குறிப்பு இல்லை."

"பெறவு எப்படிப் போச்சு?"

"கொஞ்சம் கொஞ்சமாக" என்றேன். அவன் தலையாட்டிவிட்டுக் கையை இறக்கிக்கொண்டான்.

கீழே டீக்கடையில் இருவரும் நின்றோம்.

"என்னலே, புரிஞ்சுதா?"

"புரியாம என்ன. ஒங்க பெரிய ராசா கெட்டவரு இல்ல போலயேண்ணே."

"கெட்டவர்னு நான் சொல்லலையே."

"அதான் சொல்லுதேன். கெட்டவரா இருந்தா சின்னவன் சண்டையாவது போட்டுருப்பான்." சிரித்துக்கொண்டே சொன்னான். "டீ ஆறுது, குடிங்க."

பஸ் வந்ததும் சாக்கை அக்குளில் இடுக்கிக்கொண்டு ஓடி ஏறினான். போனில் அவன் கேட்டது அப்போதுதான் காதில் முழுதாக விழுந்தது. அவன் அப்பா காலத்தில் அந்த வீட்டு ஆள் வந்து சேரும்வரை எங்கள் அப்பா கம்போடு வெயிலில் காத்து நின்றிருக்கிறார். நானோ, முடிஞ்சா வா என்றிருக்கிறேன்.

வெள்ளிக்கிழமைக்குள் சரிசெய்துவிடலாம் என்று நினைத்தேன். எதையும் சரிசெய்துவிடலாம் என்பது என் சுபாவம். புதுக் கடப்பாரை வாங்கி, ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு விடிந்ததும் போனேன். அதற்குள் பந்தல்காரர், நான் முந்தின நாளே வெட்டி அனுப்பியிருந்த கம்பைக் குழாயில் சொருகி, மாவிலை கட்டி முடித்திருந்தார்.

"கழட்டிரும்" என்றேன். "குழி தோண்டி நடணும்."

"அண்ணாச்சி, குழாயப் போட்டதும் நீங்கதான், வேண்டாங்கதும் நீங்கதானா?" என்று முனகிக்கொண்டே கழற்றினார்.

என் தம்பி வந்திருந்தான். ஆனால் கோயில் வாசலில் இல்லை. கோயிலுக்கு வரி கொடுக்கிற மற்ற குடும்பத்தாரோடு வேப்பமரத்தடியில், வேட்டியை மடித்துக் கட்டாமல், விருந்தாளி மாதிரி நின்றிருந்தான். நான் நேராகப் போய்க் கடப்பாரையை இரண்டு கையாலும் நீட்டினேன்.

"குழி நீதாம்லே தோண்டணும். உன் முறை."

அவன் கடப்பாரையைப் பார்த்தான், என்னைப் பார்த்தான். "தோண்டச் சொல்லுதியளாண்ணே? சரி, தோண்டுதேன்."

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வாசலுக்கு வந்தான். குதிகாலால் எங்கும் அழுத்திப் பார்க்கவில்லை. "எங்கன தோண்ட?" என்றான்.

உனக்குத் தெரியாததா என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அதற்குள் என் விரல் ஓர் இடத்தைக் காட்டிவிட்டது. குழாய்க்கு வலப்புறம், பந்தலுக்கு நேர்கோட்டில் வருகிற இடம். விரலை மடக்கிக்கொண்டேன். அவன் அந்த இடத்தில் முதல் குத்துக் குத்தினான்.

செருப்பைக் கழற்றிவிட்டுத் தள்ளி நின்றேன். வழக்கமான இடத்தில்தான் நின்றேன். யாரும் விரட்டவில்லை. அவன் குனிந்து தோண்டினான். ஈரமண் வந்தது. இந்த வருஷம் தண்ணீர் ஊறவில்லை. குழி முழங்கை ஆழம் வந்ததும் படுத்துக் கையை விடுவான் என்று காத்திருந்தேன். அவன் நிமிர்ந்து, நெற்றி வேர்வையை வழித்துக்கொண்டு என்னைப் பார்த்தான்.

"இம்புட்டு போதுமாண்ணே?"

குத்தலாகக் கேட்கவில்லை. முகத்தில் தேடிப் பார்த்தேன், குத்தல் இருந்தால் நன்றாக இருக்கும் என்றுதான் தேடினேன். வேலை வாங்குகிறவரிடம் கேட்பதுபோலக் கேட்டான்.

"நீயே பாத்துச் சொல்லுலே" என்றேன்.

"நீங்க சொல்லுங்க. கம்பு ஒங்க அளவுலதான வெட்டியிருக்கு."

பூசாரி வானத்தைப் பார்த்து, நேரம் போகிறது என்றார். பந்தல்காரர் கம்பைத் தோளில் சாய்த்து நின்றார். வேப்பமரத்தடியில் எல்லோரும் என் வாயைப் பார்த்தார்கள். அவனும் பார்த்தான்.

"போதும்" என்றேன்.

கம்பு இறங்கியது. இரண்டு கைகளும் அதன்மேல் வந்தன. எப்போதும் அவன் கைதான் மேலே இருக்கும். இந்த முறை நான் வைக்கும்வரை காத்திருந்து, என் கைக்குக் கீழே வைத்தான்.